வசந்தாமணி அத்தைக்கு உயிர் வரணும்

ஹலோ... ஹலோ, கேக்குதா? வேர்மரம் உதவி மையம்தானே? அப்பாடா, ஒருவழியா மனுஷக் குரல். இவ்வளவு நேரமும் உங்க கெட்டிமேளத்தையே கேட்டுக்கிட்டு நின்னேன். குடும்பத்தைப் பதிவு பண்ற மென்பொருள்ல, காத்திருக்கிறவங்க காதுல எதுக்கு சார் கெட்டிமேளம்? குடும்பம்னா கல்யாணம் மட்டும்தானா? கல்யாணம் பண்ணிக்காதவங்க உங்களுக்குப் போன் பண்ணக் கூடாதா? சரி, அந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். கையில இதைவிடப் பெரிய சண்டை ஒண்ணு இருக்கு.

நறுமுகை. இல்ல சார், நறுமுகில் இல்ல. முகை. மொட்டுன்னு அர்த்தம். குடும்ப மரத்தோட பேரு 'சென்னியப்பன் வகையறா'. அந்தப் பேரு நான் வச்சதில்ல. சென்னியப்பன் எங்க பெரியப்பா, தன் பேரையே வச்சுக்கிட்டார். ஆனா மரத்துக்கு நிர்வாகி நான்தான். உங்க பேரு? ஜாபர். நல்லது ஜாபர் சார். சாஞ்சு உக்காந்துக்கங்க, கொஞ்சம் நேரமாகும்.

எங்க அத்தையைச் சாகடிச்சுட்டாங்க சார்.

ஐயோ, நிஜமா இல்ல! பதறாதீங்க. உங்க மென்பொருள்ல. நேத்து சாயங்காலம் வரைக்கும் பச்சையா இருந்த கட்டம், காலையில பார்த்தா சாம்பல் நிறத்துல இருக்கு. பேருக்குப் பக்கத்துல குத்துவிளக்கு. 'இறந்தவர்'. முகவரி இல்ல, நம்பர் இல்ல, போட்டோ இல்ல. செத்தவங்களுக்கு எதுக்கு முகவரின்னு நீங்களே அழிச்சுடுவீங்களாமே! அந்த டிக்கை எடுக்கப் போனா, 'பூட்டப்பட்டுள்ளது, உதவி மையத்தை அழைக்கவும்'னு வருது. அழைச்சுட்டேன். திறங்க.

பேரா? வசந்தாமணி. எங்கப்பாவோட அக்கா. திருப்பூர்ல தையல் கடை வச்சிருந்தாங்க.

சார்? இருக்கீங்களா? என்ன, திடீர்னு சத்தத்தையே காணோம்.

பின்னாடி கேக்குறது மைக் டெஸ்டிங். நான் எங்க குலதெய்வம் கோயில்ல நிக்கிறேன், தாராபுரம் பக்கம். நாளைக்குப் பங்காளிங்க அத்தனை பேரும் கூடுறாங்க. இந்த ஒரே சாமியைக் கும்புடுற எங்க வகையறா மொத்தமும். பெரிய திரை கட்டி அதுல மரத்தைக் காட்டப் போறாங்க. அதுக்குள்ள அத்தைக்கு உயிர் வரணும். அவ்வளவுதான் என் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதானே?

முழுசாக் கேட்டாத்தான் உங்களுக்குப் புரியும். உங்க மென்பொருளை வாங்கினது பெரியப்பா. வாங்கிட்டு என்னைக் கூப்புட்டார். "அம்மிணி, நீதான் பெரிய படிப்புப் படிக்கறயே, இதுல எல்லாரு பேரையும் டைப் அடிச்சுக் குடுத்துரு"ன்னார். நான் சமூகவியல்ல முனைவர் பட்ட ஆராய்ச்சி பண்றேன் சார். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல இல்ல. ஆனா ஒத்துக்கிட்டேன். ஏன் தெரியுமா? யாரு குடும்பத்துல இருக்காங்க, யாரு இல்லைன்னு எழுதுற அதிகாரம் முதல்முறையா ஒரு பொண்ணு கைக்கு வருது. விடுவேனா?

வீடு வீடாப் போனேன். ஆம்பளைங்க பேரு ஏழு தலைமுறைக்கு மளமளன்னு வருது. "அவரு சம்சாரம் பேரு என்னங்க?"ன்னு கேட்டா மோட்டுவளையைப் பார்க்கறாங்க. "மூலனூர்க்காரின்னு போட்டுக்கம்மிணி." மூலனூர்ங்கிறது ஊரு சார், பேரா? "அப்ப ஆத்தான்னு போட்டுக்க." பிறந்த தேதி கேட்டா, "ஆத்துல பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருஷம்." உங்க மென்பொருள் வெள்ளத்தை ஏத்துக்க மாட்டேங்குது. 'முன்', 'பின்', 'சுமார்'னு மூணு சொல்லை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுது. எங்க வகையறாவே சுமார்தான் சார், அதை எங்க எழுதுறது? ஒரு தாத்தாவுக்குச் செத்த வருஷம் பொறந்த வருஷத்துக்கு முந்தி விழுந்து சிவப்புக் கோடு வந்துச்சு. பெரியப்பாகிட்டக் காட்டினேன். "அவரு எப்பவுமே அவசரக்காரரு"ங்கறார்.

நீங்க சிரிக்கலையே! பரவாயில்ல.

பாதிக் கட்டம் காலியாத்தான் கிடக்கு. ஆனா பொம்பளைங்க பேரை முடிஞ்சமட்டும் தோண்டி எடுத்தேன். மூலனூர்க்காரியோட பேரு நாச்சக்காள்! கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. என்ன, எங்கம்மா வீட்டு ஆளுங்களா? இல்ல, அவங்க வேற குலம். அம்மாகூடக் கேட்டாங்க, "எங்க ஆத்தா பேரையும் ஒரு மூலையில போடேன்"னு. ஒரே மரத்துல எத்தனை பேரைத்தான் ஏத்த முடியும்? அப்புறம் பாக்கலாம்மான்னுட்டேன். அதை விடுங்க, அது வேற விஷயம்.

விஷயம் அத்தை. எங்க தாத்தாவுக்குக் கீழ ரெண்டு கட்டம்: பெரியப்பா, எங்கப்பா. "ரெண்டு பேருதானா?"ன்னு கேட்டேன். அப்பா எழுந்து மோட்டார் போடப் போயிட்டார். பெரியப்பாதான் சொன்னார்: "நடுவுல ஒருத்தி இருந்தா. தலைமுழுகியாச்சு."

தலைமுழுகுறதுன்னா உங்களுக்குத் தெரியும்ல? வேண்டாம்னு விடுறது. ஆனா எங்க வீட்டுல அது வெறும் பேச்சு இல்ல சார். அத்தை பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன எடத்துல சேகர்னு ஒருத்தரோட போயிட்டாங்க. வேற சாதி. உடனே இங்க அவங்க போட்டோவுக்கு மாலை போட்டு, அமராவதி ஆத்தங்கரையில நிஜமாவே கருமாதி பண்ணியிருக்காங்க. பெரியப்பா கையால பானையை உடைச்சிருக்கார். எங்கப்பாவுக்கு அப்ப மீசைகூட முளைக்கல, அவருக்கும் மொட்டை. பங்காளிங்க எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டிருக்காங்க. உயிரோட இருக்கிற பொண்ணுக்கு! எனக்கு ரத்தம் கொதிச்சுது. இந்தக் கட்டத்தை நான் போட்டே தீருவேன்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன்.

எங்க இருக்காங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தரைத் தவிர. எங்கம்மா. அம்மா போன்ல 'தையல்கார அக்கா'ன்னு ஒரு நம்பர். எங்கம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கிறது எதிர்வீட்டுப் பரிமளா. அப்புறம் யாரு இந்தத் தையல்கார அக்கா? பிடிச்சுட்டேன் பாருங்க. இத்தனை வருஷமா நாத்தனாரும் இவங்களும் ரகசியமாப் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "முகை, வேண்டாம் கண்ணு. அவ இருக்கற எடம் யாருக்கும் தெரியாது. இதைத் தூக்கி நடுக்கூடத்துல வெக்காத." நான் கேட்டேன், "ரகசியம்தான் ஒடுக்குறவனோட ஆயுதம், நீயே அதைக் காப்பாத்துறியா?"ன்னு. அன்னியிலிருந்து அம்மா எங்கிட்டப் பேசுறதில்ல. வாதத்துல தோத்தா பேச்சை நிறுத்திடுறது எங்க வீட்டு வழக்கம்.

திருப்பூர் போனேன். அத்தை என்னைப் பார்த்ததும் கட்டிக்கிட்டு அழுவாங்கன்னு நினைச்சேன். அவங்க நாடாவைக் கழுத்துல போட்டுக்கிட்டு, "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியா?"ன்னு கேட்டாங்க. நான் யாருன்னு சொன்னேன். மிஷினை நிறுத்திட்டு முதல்ல வாசலைப் பார்த்தாங்க. "கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" இல்லைன்னேன். அப்புறம்தான் காப்பி வாங்கிக் குடுத்தாங்க.

மரத்தைப் பத்திச் சொன்னேன். "என் பேரு எதுக்குக் கண்ணு அங்க?"

"அது உங்க உரிமை அத்தை."

"உரிமையை வெச்சு நான் எந்தத் துணியை வெட்டறது? கட்டத்தைக் காலியாவே விட்டுரு. காலியா இருந்தா ஒருத்தரும் தட்டிப் பாக்க மாட்டாங்க."

நான் நிறையப் பேசினேன். நடுவுல யாரோ சுடிதார் வாங்க வந்துட்டாங்க. அத்தை எழுந்து, "சரி, போயிட்டு வா"ன்னாங்க. கவனிங்க சார். போன்னு சொல்லல. போயிட்டு *வா*ன்னாங்க. விருப்பம் இல்லாதவங்க 'வா'ன்னு சொல்வாங்களா? அதுல ஒரு சம்மதம் இருக்குல்ல?

எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களா? எழவு வீட்டுல சொல்ல மாட்டாங்க சார், தெரிஞ்சுக்கங்க.

கட்டத்தைப் போட்டேன். வசந்தாமணி, கணவர் சேகர், மகள் நித்யா. கடை முகவரி, நம்பர், பேர்ப்பலகையோட ஒரு போட்டோ. மரத்திலேயே முழுமையான கட்டம் அதுதான்! பங்காளிங்க எல்லாருக்கும் இணைப்பை அனுப்பினேன். அத்தைக்கும் அனுப்பினேன், அவங்க கட்டத்தை அவங்களே பார்க்கணும்ல. பூகம்பம் சார். பெரியப்பா வீட்டுக்கே வந்துட்டார். "அம்மிணி, ஒண்ணு அந்தப் பேரை எடு. இல்ல, செத்தவன்னு போடு. எங்களைப் பொறுத்தமட்டும் அவ செத்தாச்சு."

"உங்களைப் பொறுத்தமட்டும்னு டிக் பண்ண இதுல எடம் இல்ல பெரியப்பா"ன்னேன்.

"வாய் நீளுது."

"கட்டமும் நீளும்."

அந்தப் பதிலை இப்ப நினைச்சாலும் எனக்குப் பெருமையா இருக்கு.

அதுக்கப்புறம் கடைக்குப் போன் வந்துச்சாம். யாரோ திட்டினாங்களாம். பெரியப்பா மகன் மோகன், எனக்கு அண்ணன் முறை, கூட்டாளிங்களோட கார்ல போய்க் கடைக்கு எதிர்த்தாப்ல நிறுத்தி, இறங்காம உக்காந்திருந்தானாம். மறுநாளும். நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கும் யாரோ பேசியிருக்காங்க. நித்யா என்னைக் கூப்புட்டா. நான் அவளுக்கு மாமா பொண்ணு, முறை சொல்லிக் கூப்புடுவான்னு பார்த்தா, "யாருங்க நீங்க? எங்கம்மா போட்டோவை எடுக்கறீங்களா இல்லையா?"ன்னு கத்துறா. உனக்காகவும்தாம்மா பேசிக்கிட்டிருக்கேன்னேன். வச்சுட்டா. மோகன் கார்ல உக்காந்திருந்தா என்ன சார்? ரோடு பொது ரோடு. இதுக்கெல்லாம் பயந்து ஒளிஞ்சா சமூகம் எப்ப மாறும்?

அத்தை கடையைக் காலி பண்ணிட்டாங்க. வீட்டையும். எங்க போனாங்கன்னு அம்மா வாயே திறக்கல. ஆனா அம்மாவுக்கு ஒரு பார்சல் வந்துச்சு, அத்தை தைச்சு அனுப்பின ஜாக்கெட். அனுப்புனர் முகவரி அதுமேலயே இருந்துச்சு. நேத்து சாயங்காலம் கட்டத்துல பழைய முகவரியை எடுத்துட்டுப் புதுசைப் போட்டேன். நம்பரும் புதுசு. ஏன்னா தப்பான தகவல் இருக்கக் கூடாது சார். அரைகுறைத் தகவல்தானே எங்க குடும்பத்தோட நோயே.

விடிஞ்சு பார்த்தா அத்தை செத்துட்டாங்க. அதுவும் எப்படி? இறந்த தேதியோட! 'முன்' இல்ல, 'பின்' இல்ல, 'சுமார்' இல்ல. ஆகஸ்ட் முப்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி நாலு. எங்க வகையறாவிலேயே முழுத் தேதி இருக்கிற ஒரே சாவு. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அது கருமாதி நடந்த நாள். அப்பாவுக்கு வருஷமே ஞாபகம் இல்ல. பானை உடைச்சவருக்குத்தான் தேதி ஞாபகம் இருக்கும்.

நேராக் கோயிலுக்கு வந்தேன். பெரியப்பா பந்தல்காரங்களோட நின்னுக்கிட்டிருந்தார். எல்லாரு முன்னாடியும் கேட்டேன்: "கொலைகாரன்னா கத்தி எடுத்தாத்தானா பெரியப்பா? டிக் பண்ணினாலும் கொலைதான்." அவரு கோபப்படல. சன்னதிக்கு முன்னாடி நின்னு கையைத் தூக்கினார். "சாமி சத்தியமா நான் அந்தக் கட்டத்தைத் தொடல. எனக்கு அதைத் திறக்கவே தெரியாது." திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கறார். "ஆனா யாரோ புத்தியுள்ளவங்க செஞ்சிருக்காங்க அம்மிணி. இனி எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நாளைக்குத் தாராளமாத் திரையில போடு." பொய்ச் சத்தியம் சார், அதுவும் குலதெய்வத்து முன்னாடி! எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அவருக்கு இருக்குல்ல?

அதனால நீங்க பூட்டைத் திறங்க. கூடவே, டிக் பண்ணினது சென்னியப்பன்தான்னு எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க, அதையும் நாளைக்குத் திரையில போடுறேன்.

முடியாதா? ஏன் முடியாது? நான் நிர்வாகி.

என்ன? அவரு பண்ணலையா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

...நீங்களா? நீங்க எதுக்கு சார் எங்க அத்தைக்கு டிக் பண்ணுறீங்க?

யாரு கூப்பிட்டாங்க? பொய். இல்ல, நீங்க வேற யாரையோ சொல்றீங்க. தையல் மிஷின் சத்தம் கேட்டுச்சா? அதனால? திருப்பூர்ல எத்தனை மிஷின் ஓடுது!

சரி, சொல்லுங்க. என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க.

'முகவரி மாற்றப்பட்டது'ன்னு அவங்களுக்குத் தகவல் போச்சா? உங்க மென்பொருளே அனுப்புச்சா? அதைப் பார்த்துட்டு அழுதாங்களா? சார், அழுதாங்களா இல்லையான்னு நீங்க எப்படி... சரி. சரி, அழுதாங்க.

தேதியையும் அவங்களேதான் சொன்னாங்களா.

"அன்னிக்கு எனக்குக் காரியம் பண்ணினாங்க. அந்தச் சேதி வந்த அப்புறந்தான் நானும் அவரும் கதவைத் திறந்து வெச்சுத் தூங்கினோம். செத்தவளை ஒருத்தரும் தேட மாட்டாங்க தம்பி. என்னை மறுபடியும் சாகடிச்சுக் குடு"ன்னாங்களா.

ம்.



அதுக்காக நீங்க பூட்டுப் போட்டீங்களாக்கும். ஜாபர் சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லவர். ஆனா நீங்க இதைப் படிச்சதில்ல. இதுக்கு ஒரு பேரு இருக்கு. அடிமைப்பட்டவங்க அடிமைத்தனத்தையே பாதுகாப்புன்னு நம்புறது. என் ஆராய்ச்சியில ஒரு இயல் முழுக்க இதுதான். அத்தை பேசல சார், அத்தைக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பெரியப்பா பேசறார். பானையை உடைச்சது அவரு. இப்ப அத்தையே தன் கையால இன்னொரு பானையை உடைக்கறாங்க, நீங்க தண்ணி எடுத்துக் குடுக்கறீங்க.

கல்யாணம் முடியற வரைக்குமாவதா? அவங்க அப்படிக் கேட்டாங்களா? எல்லாரும் இதைத்தானே சொல்றாங்க. கல்யாணம் முடியட்டும், பிரசவம் முடியட்டும், பேரன் பொறக்கட்டும். நாளைக்கு விட்டா இந்தக் கூட்டம் மறுபடி எப்பக் கூடும்? செத்தவங்க வரிசையில அத்தை பேரு வரும், பெரியப்பா கும்புட்டுட்டுப் போவார். நான் ஜெயிக்கணும்னு இல்ல சார். அவரு ஜெயிக்கக் கூடாது.

அவங்க சம்மதமா? அவங்க சம்மதம் எதுக்கு சார்? நான் அவங்க பக்கம்தானே இருக்கேன்!

திறக்க மாட்டீங்க. கடைசி வார்த்தையா? நல்லது. வேண்டாம், உங்க மேலதிகாரியெல்லாம் வேண்டாம். ஒரு நிமிஷம் இருங்க, லேப்டாப்பைத் திறக்கறேன்.

நிர்வாகி பூட்டைத் திறக்க முடியாது, சரி. புதுசா ஒரு ஆளைச் சேர்க்க முடியும்ல? தாத்தாவுக்குக் கீழ... 'பிள்ளையைச் சேர்'. பேரு, வசந்தாமணி. வாழ்பவர்.

என்னமோ கேக்குது இருங்க. 'இதே பெயரில் ஒருவர் ஏற்கெனவே இந்தக் குடும்பத்தில் இறந்திருக்கிறார். இவர் அவரா?'

'இல்லை'ன்னு அழுத்திட்டேன்.

கத்தாதீங்க சார், காது வலிக்குது. நீங்க உதவி மையம், உதவி பண்ணல, நானே பண்ணிக்கறேன். முகவரி... பார்சல் காகிதத்தைப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இதோ. கதவு எண், தெரு, அந்தப் பிள்ளையார் கோயில் அடையாளம் உட்பட. நம்பர். மகள் நித்யா, கல்யாணம் நிச்சயம். சேமி.

வந்துடுச்சு. பச்சை. பளிச்னு இருக்காங்க அத்தை. இவ்வளவுதான் சார் விஷயம். இதுக்குப் போய் என்னை இவ்வளவு நேரம் பேச வச்சீங்க.

அழிக்கச் சொல்றீங்களா? இனி எதுக்கு? எல்லாருக்கும் தகவல் போயாச்சு. 'பார்த்தவர்கள்'னு வருது பாருங்க கீழ, ஒண்ணொண்ணாப் பேரு ஏறுது. அதுக்குள்ள! நம்ம ஆளுங்க எதுல சோம்பேறியா இருந்தாலும் இதுல இல்ல. முதல் ஆளு யாருங்கறீங்க, மோகன்தான்.

பார்க்கட்டும் சார். நல்லாப் பார்க்கட்டும்.